பெல்ட் எண்ணெய்

மலாய் நாட்டு மலைமேல் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் செல்லையாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பிட்டர்' என்றால் போதும். தொழிற்சாலையில் எந்த இயந்திரம் முனகினாலும் துரை முதலில் கேட்பது "பிட்டர் எங்கே?" என்றுதான். அவரும் எங்கிருந்தோ வந்து நிற்பார். கையை இயந்திரத்தின் மேல் வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் 'பெரும்பாலும்' அவரைக் கெடுத்தது என்று இப்போது சொல்லலாம், அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பதினான்கு வயதில் எண்ணெய்க் குவளையோடு தொழிற்சாலைக்குள் நுழைந்தவர் அவர். கொழுந்து உருட்டும் இயந்திரங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் தோல் பெல்ட்டில் ஓடின. உலர்த்தும் அடுப்பின் சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும். வெடித்தால் அறுந்து போகும், அறுந்தால் அன்றைய கொழுந்து வீண். அதற்கென்று செல்லையா சொந்தமாக ஓர் எண்ணெய் வைத்திருந்தார். விளக்கெண்ணெய், தேன்மெழுகு, உள்ளே இறங்குவதற்காகக் கொஞ்சம் டீசல். மூன்றையும் தகர டின்னில் காய்ச்சி ஆறவைத்து, துணியால் அல்ல, உள்ளங்கையால் பெல்ட்டில் தேய்ப்பார். மறுநாள் தோல் இளகிக் கிடக்கும். மற்றத் தோட்டங்களில் இரண்டு வருஷம் உழைக்கும் பெல்ட் இங்கே நாலு வருஷம் உழைத்தது. அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அவர் மனைவி வடிவம்மாள் கொழுந்து எடுப்பவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. வேலை வாங்குகிற மண்டோரைக்கூட முகத்துக்கு நேரே கேலி செய்வாள். எழுபத்தேழாம் வருஷம் மழை விட்ட ஒரு காலையில், முதுகில் நிறைந்த கூடையோடு சரிவில் சறுக்கி, கீழே இருந்த கல் வாய்க்காலில் போய் விழுந்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஈப்போ டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தோட்டத்து மருந்தக டிரெஸர் அமிர்தலிங்கம் செல்லையாவைத் தனியே அழைத்துப்போய்த் தமிழில் சொன்னார்.

"முதுகெலும்புல ரெண்டு கட்டை நகந்துருச்சு பிட்டர். நரம்பு நசுங்கிக்கிட்டு இருக்கு. ஆபரேஷன் பண்ணுனா நடப்பாங்க. ஆனா வரிசையில ஆள் நிறைய, தேதி குடுக்க நாளாகும். அதுவரைக்கும் பெருசா எங்கயும் குலுங்கக் கூடாது. குலுங்குச்சுன்னா இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம போயிரும். விளங்குதா?"

விளங்கியது. ஆனால் ஈப்போவிலிருந்து வீட்டுக்கு வந்தாக வேண்டுமே. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் ரோடு முழுக்க வளைவு, வளைவுக்கு வளைவு பள்ளம். ஆஸ்பத்திரி வேனின் இரும்புப் பட்டைகள் ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே அவள் முதுகுக்குக் கொடுத்தன. ரிங்லெட் வருவதற்குள் வடிவம்மாள் கீழுதட்டைக் கடித்துக் கிழித்திருந்தாள். அதன்பின் ஒரு மாதம் படுக்கை. எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் லயத்து வீட்டின் பின்வாசல் வரைக்கும் நடக்க முடிந்தது. அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதன்பிறகு தேதி, தேதிக்கு ஒரு பயணம். இந்த இரண்டு பயணத்தையும் அவள் முதுகு தாங்குமா என்பதுதான் செல்லையாவின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஒரே கேள்வி.

இப்படியே ஒன்றரை வருஷம் போனபிறகுதான் அவர் கண் அந்தக் காடியின் மேல் விழுந்தது.

தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய ஜெர்மன் கார், தோட்டத்துப் பேச்சில் காடி, கிடந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. புது மேனேஜர் ஜீப் வைத்திருந்தார், அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரங்களுக்கு மேலே உடம்பு முழுதும் இறங்கி, வயிறு தரையைத் தொட்டபடி அது படுத்திருந்தது. அந்தக் காடிக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர்ப் பை, பைக்குள் காற்று. எஞ்சினோடு ஓடும் ஒரு பம்பு காற்றை அடித்துத் தொட்டியில் சேர்க்கும், தொட்டியிலிருந்து குழாய் வழியாக வால்வு, வால்வு திறந்தால் பைக்குப் போகும். காடி மொத்தமும் அந்தக் காற்றின் மேல்தான் நிற்கும். அது நல்லபடியாக ஓடிய நாளில், பின்சீட்டில் வைத்த நிறைந்த தேநீர்க் கோப்பை தானா ராத்தா போய்ச் சேரும்வரை சிந்தாது என்று துரையின் டிரைவர் பீற்றிக்கொள்வான். செல்லையாவுக்கு அந்தக் கோப்பை ஞாபகம் வந்தது.

மேனேஜரிடம் போய்க் கேட்டார். "இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார் மேனேஜர்.

லோரி டிரைவர் காளியண்ணன் கயிறு கட்டி இழுத்து வந்து செல்லையாவின் வீட்டுப் பின்னால் விட்டான். அடுத்த வீட்டுக்காரன். செல்லையாவுக்குத் தம்பி முறை வைத்துக்கொண்டவன், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இது காடியா இல்ல சப்பரமா? நாலு பேரு தூக்கித்தான் கொண்டுபோகணும் போலிருக்கே."

"நீ கயித்த அவுத்துட்டுப் போலா."

எஞ்சினை உயிர்ப்பிக்க ஒரு வாரம் ஆனது. அது பெரிய வேலையில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் காடி முதலில் பின்பக்கம் எழுந்தது, பிறகு முன்பக்கம் இடது, கடைசியில் யோசித்து யோசித்து வலது. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வடிவம்மாள் கை தட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால் முன்வலது பக்கம் முழங்காலை மடித்துப் படுத்திருந்தது.

வேலை அங்கேதான் ஆரம்பித்தது. செல்லையா சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டார். சாயங்காலம் எஞ்சினை நிறுத்தும்போது நாலு மூலையின் உயரம், காலையில் அதே நாலு மூலையின் உயரம். எந்த மூலை எவ்வளவு இறங்கியது என்று சுவரே சொன்னது. பின்பக்கம் இறங்கவில்லை, ஆகவே தொட்டியும் பின்வால்வும் சரி. முன் இடது அரை விரல்தான். கோளாறு முன்வலது வரிசையில். குழாய் மூட்டா, வால்வா, பையா? சோப்பு நுரையைச் சவரப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவினார். காற்றுப் போகிற இடத்தில் நுரை பொங்கும். லோரி டியூப்பில் ஓட்டை பார்க்கிற அதே வித்தைதான். மூட்டில் பொங்கவில்லை. பையில் பொங்கவில்லை. வால்வின் கீழே, கடுகளவு கடுகளவாகப் பொங்கியது.

கண்டுபிடித்ததும் அவருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வால்வைக் கழற்றிப் பழைய தமிழ்ப் பத்திரிகையின் மேல் பரப்பி வைத்தார். உள்ளே துரு. தொட்டியின் அடியில் இருந்த திருகைத் திறந்ததும் அரைக் கோப்பை பழுப்புத் தண்ணீர் கொட்டியது. எல்லாம் இந்த மலைமேல் மூடுபனியின் வேலை. பம்பு காற்றோடு ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வால்வைத் துடைத்து, உள்ளேயிருந்த சின்ன வளையங்களுக்கு ஒத்தது தானா ராத்தாவில் சீனத் தவுக்கே கடையில் தேடிப் பிடித்து, மறுபடி பூட்டினார். சரியாகவில்லை. மறுபடி கழற்றினார். மூன்று மாதம் போனது.

"காடிக்கும் அண்ணிக்கும் சேத்து வைத்தியம் பாக்குறீங்க. ரெண்டுல எது முந்தி எந்திரிக்கும்னு பந்தயம் கட்டுறேன்" என்றான் காளியண்ணன்.

"நான்தான்லா" என்றாள் வடிவம்மாள் உள்ளிருந்து.

எழுபத்தொன்பது ஜூன் மாதம் ஒரு வாரம் முழுக்கச் சாயங்காலக் கோடும் காலைக் கோடும் ஒன்றாக நின்றன. ஜூலையில் வடிவம்மாளைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஈப்போ போனார்கள். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் பவளம் வந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவில் காடி மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது, உடம்பில் தெரியவில்லை. தாப்பா தாண்டியும் பின்சீட்டில் சத்தமில்லை. செல்லையா பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். விழுந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஒரு சிகரெட் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் தேதி கொடுத்தார். நவம்பர் கடைசி வாரம்.

அந்த நாட்களில் செல்லையாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து குளித்ததும், நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி வடிவம்மாளின் கால்களில் தேய்த்துவிடுவார். டிரெஸர் சொன்ன வைத்தியம்தான், ரத்தம் ஓடுவதற்காக. அவள் சும்மா படுத்திருக்க மாட்டாள்.

"வலது காலு உங்களுக்குச் சொந்தமா? அதுக்கே அஞ்சு நிமிசமாத் தேய்க்கிறீங்க. இடது காலு அழுவுது பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு."

"பொய். நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன், எந்தக் காலுக்கு எவ்வளவு எண்ணெய்னு."

சொல்லவும் சொல்வாள். கால்களில் உணர்வு அவ்வளவு நன்றாக இருந்தது. செல்லையா வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தேய்த்துச் சோதிப்பார், ஒருநாள்கூட அவள் தவறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் தீபாவளிக்கு அடுத்த பெரிய பண்டிகை என்றால் தொழிற்சாலைக்காரர்களுக்கு அதுதான். வருஷத்தில் அந்த ஒருநாள் எல்லா இயந்திரமும் நிற்கும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, அவல் பொரி படைப்பார்கள். காலையிலிருந்து செல்லையா டின்னில் எண்ணெய் காய்ச்சி, பெல்ட் பெல்ட்டாக உள்ளங்கையால் தேய்த்தார். உழைக்கிற பொருளுக்கு அன்று ஒருநாளாவது நம் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் நினைப்பு. மத்தியானம் மீந்த எண்ணெயோடு வீட்டுக்கு வந்தார். காடியைக் கழுவினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அடியில் படுத்து ரப்பர்ப் பைகளைத் துடைத்தபோது, அவற்றின் மேல் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்ததைப் பார்த்தார். புதுப் பைக்கு ஜெர்மனிக்கு எழுதிப் போட வேண்டும், வர எட்டு மாதம் ஆகும் என்று கோலாலம்பூரில் சொல்லியிருந்தார்கள். நவம்பரோ வந்துகொண்டிருக்கிறது.

டின்னை எடுத்தார். நாலு பைக்கும், மடிப்புக்குள் விரல் விட்டு, மேலும் கீழும் நன்றாகத் தேய்த்தார்.

"காடிக்கும் தைலமா?" என்றாள் நாற்காலியிலிருந்து வடிவம்மாள்.

"காஞ்சு வெடிச்சுக் கெடக்கு வடிவு. ஒன்னைச் சுமக்கப் போறது இதுதானே."

"அப்ப எனக்குத் தேய்க்கிறதவிட ஒரு கை கூடுதலாவே தேய்ங்க."

தேய்த்தார். இந்த நாட்டில் மலைக்குக் கீழே பாதித் தமிழன் ரப்பர் மரத்தில்தான் பிழைக்கிறான். அவர்களில் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த டின்னைப் பிடுங்கி எறிந்திருப்பான். ஆனால் இந்தக் குளிரில் ரப்பர் மரம் ஒன்றும் முளைப்பதில்லை. செல்லையா பிறந்தது தேயிலையில், வளர்ந்தது தேயிலையில். அவருக்குத் தெரிந்தது தோல். தோல் காய்ந்தால் எண்ணெய் போட வேண்டும். மலைமேல் அதை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, முன்வலது மூலை கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது.

செல்லையா இன்னொருதரம் அளந்து பார்த்தார். பழைய எதிரிதான் என்று நேரே வால்வுக்குப் போனார். கழற்றினார், துடைத்தார், வளையம் மாற்றினார். மறுநாள் மூன்று விரல். தொட்டித் தண்ணீரை வடித்தார். சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு மூட்டு மூட்டாகத் தடவினார். பைகளின் மேலும் தடவினார். எங்கும் ஒரு குமிழ்கூடப் பொங்கவில்லை. எண்ணெய் ஊறிய இடத்தில் சோப்பு நுரை நிற்காது, பொங்குவதற்கு முன்னாலேயே செத்துப்போகும் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. பையை விரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. "நல்லா இளகியிருக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். முப்பது வருஷமாக நல்ல அடையாளமாக இருந்த ஒன்றைச் சந்தேகப்பட யாருக்குத்தான் தோன்றும்?

கடைசியில் முன்வலது குழாயையே மாற்றினார். இரண்டு நாள் கோடு இறங்காமல் நின்றது. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. காரணம் தெரியாமல் சரியான கோளாறு சரியாகவே இல்லை என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் மூன்றாம் நாள் ஆபரேஷன் தேதி.

"இதை விட்டா அடுத்த தேதிக்கு ஒரு வருசம் ஆகும் பிட்டர்" என்றார் அமிர்தலிங்கம். "ஒரு வருசம் அந்த நரம்பு பொறுக்காது."

வேன் வேண்டாம் என்று வடிவம்மாளே சொல்லிவிட்டாள். "எங்க காடி இருக்கப்போ வேன் எதுக்கு?"

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரிங்லெட்வரை கோப்பை சிந்தாத ஓட்டம்தான். பவளத்தின் மடியில் தலை வைத்து அவள் ஏதோ கதை பேசிக்கொண்டு வந்தாள். ரிங்லெட்டைத் தாண்டி ஏழெட்டு மைல் இறங்கியிருப்பார்கள். ஒரு வளைவில் முன்பக்கம் சீறல் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. வலது மூலை அப்படியே உட்கார்ந்தது. இரும்பு இரும்பில் மோதியது. பின்சீட்டில் பேச்சு நின்றது.

நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மடிப்பு ஒன்று வாய் பிளந்திருந்தது. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பாதாளம், கூப்பிடு தொலைவில் மனிதர் இல்லை. மேலே திரும்பினாலும் அதே பள்ளம், கீழே போனாலும் அதே பள்ளம். காத்திருந்தால் வருவது மரலோரியோ காய்கறி லோரியோ, அதில் இவளை எப்படி ஏற்றுவது? கீழேயே போகலாம் என்று முடிவு செய்தார். நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒரு பையின் காற்றுப் போனதும், அதை நிரப்பப் போய்த் தொட்டி காலியாகி, மற்ற மூலைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இடித்தது.

"வலிக்குதா வடிவு?"

"இல்ல. நீங்க ரோட்டப் பாருங்க."

இன்னும் கொஞ்ச தூரம். டங்கென்று ஓர் இடி.

"வடிவு?"

"இல்லன்னு சொல்றேன்லா."

கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. பவளம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதன்பின் அவர் கேட்கவில்லை.

மலை முடிகிற இடத்தில் ரப்பர் தோட்டம் ஆரம்பிக்கிறது. காடி அதற்கு மேல் நகராது என்றானபோது, ரப்பர்ப் பால் வாளிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஆண்டியப்பன், பால் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். நிலைமையைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இருவருமாக ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். கட்டை கொடுக்கலாமா என்று கையை உள்ளே விட்ட பெரியவர், கிழிந்த பையைத் தொட்டதும் கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரல்கள் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டின. மோந்து பார்த்தார்.

"இதுல என்ன தம்பி போட்டீங்க?"

செல்லையா சொன்னார். விளக்கெண்ணெய், மெழுகு, டீசல்.

"ஐயையோ. ரப்பருக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாங்களா? அதுலயும் டீசலு! ஊதி ஊதிக் கரைஞ்சு போயிரும்லா. எங்க தோட்டத்துச் சின்னப் புள்ளைங்களக் கேட்டாக்கூடச் சொல்லுமே. சும்மா விட்டிருந்தாலே இன்னும் ரெண்டு வருசம் தாங்கியிருக்கும்."

திட்டிச் சொல்லவில்லை, நல்ல மனிதர். மனசு கேட்காமல் வந்த பேச்சு. அவரே தோட்டத்துக்குள் ஓடிப் போய், பழைய டயரை வெட்டி எடுத்து வந்து சக்கரத்துக்கு மேலே திணித்துக் கொடுத்தார். செல்லையா நன்றி சொன்னாரா என்பது அவருக்கே நினைவில்லை. கையில் ஒட்டிய கறுப்பைத் துணியில் துடைத்தார், போகவில்லை. பின்கதவின் கண்ணாடி வடிவம்மாளுக்குக் காற்று வரட்டும் என்று பாதி இறக்கியிருந்தது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

பத்து மணிக்குப் போக வேண்டிய ஈப்போவுக்கு மூன்று மணிக்குப் போனார்கள். தள்ளுவண்டியில் தூக்கிப் படுக்கவைத்தபோது வடிவம்மாளின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் வந்து கால் கட்டைவிரலை நகத்தால் கிள்ளிக்கொண்டே, மலாயில் "தெரிகிறதா?" என்று கேட்டார்.

"என்னது?" என்றாள் அவள்.

ஆபரேஷன் செய்து பயனில்லை என்று மறுநாள் சொன்னார்கள். இந்தப் பயணத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முன்பே நசுங்கிக்கொண்டிருந்த நரம்புதானே என்றும் டாக்டர் சொன்னார். அமிர்தலிங்கம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆறுதல்படுத்தினார். செல்லையா தலையாட்டினார். ஆனால் எந்த மூலை இறங்கியது, எதனால் இறங்கியது என்று கண்டுபிடிக்கிற வேலையை முப்பது வருஷம் செய்தவருக்கு அந்த ஆறுதல் எங்கே ஒட்டும்?

அதன்பின் யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "காடி ரோசாக் ஆயிருச்சு." கெட்டுப்போனது எதனால் என்று சொல்லவில்லை. காளியண்ணனிடம் சொல்லவில்லை, மகளிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வடிவம்மாளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளைத் தூக்கினார், கழுவினார், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தார், துணி துவைத்தார். தொழிற்சாலையில் பெல்ட் எண்ணெய் டின்னை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதும் நின்றது. "உணர்ச்சி இல்லாத காலுக்கு எதுக்கு?" என்று ஒருதரம் சொன்னார். அவளிடமிருந்த துடுக்குப் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. கால் போன வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படியே நினைத்தார். லயத்துக்குப் பின்னால் காடி வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தது. சுவரில் சாக்கட்டிக் கோடுகள் மழையில் அழிந்தன.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. எண்பத்திரண்டு ஆயுத பூஜையன்று தொழிற்சாலையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. செல்லையா போகவில்லை. அந்த நாளில் அவர் மூன்று வருஷமாகப் போவதில்லை. அவளுக்குக் கஞ்சி கொடுத்து வாய் துடைத்துவிட்டு எழுந்தார்.

"காலுக்குக் கொஞ்சம் எண்ணெய் தேச்சுவிடுங்க" என்றாள் வடிவம்மாள்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் திரும்பக் கீழே வைத்தார்.

"காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். எனக்குத்தான் தெரியல, உங்களுக்குத் தெரியும்தானே."

"முடியல வடிவு. என் கையால இனிமே எதுக்கும் எண்ணெய் போட முடியல." கட்டிலோரம் உட்கார்ந்தார். மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னார். ஆயுத பூஜை, டின், பை, பெரியவரின் விரல். "ஒன் காலை எடுத்தது நான்தான். இந்தக் கைதான்."

அவள் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பெரியவரு சொன்னது காதுல விழுந்துச்சு. கண்ணாடி தொறந்துதானே இருந்துச்சு. நீங்க வந்து சொல்லுவீங்க, நான் ஒரு தடவை நல்லா ஏசிட்டு விட்டுரலாம்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க காலத் தொடுறதையே விட்டுட்டீங்க. காலு போனப்பகூட நான் அழுவல. அதுக்குத்தான் அழுதேன், நீங்க வேலைக்குப் போன பெறகு."

செல்லையாவுக்கு அப்போதுதான் புரிந்தது, மூன்று வருஷமாக அவர் தேடவே தேடாத இடத்தில் ஒரு கோளாறு இருந்தது என்று. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அவள் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

பிறகு அவர் எழுந்து போய் நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்தார். போர்வையை விலக்கினார். கால்கள் இரண்டும் மெலிந்து, தோல் வெடித்து, செதில் செதிலாக இருந்தன. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக் குதிகாலிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். படுத்த வாக்கில் அவளுக்குத் தன் கால்கள் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஆரம்பிச்சாச்சா?"

"ம்."

"இப்ப எந்தக் காலு?"

அவர் கையை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வலது" என்றார்.

"அதான பாத்தேன்" என்றாள் வடிவம்மாள். கண்ணின் ஓரம் வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். "சீக்கிரம் இடதுக்கு வாங்க."